உரிந்து வந்த எழுத்து

கல் தேடுவதுதான் என் வேலையாக இருந்தது. பினாங்கில், நில அளவை அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம். ஒவ்வொரு நிலத்தின் மூலையிலும் எப்போதோ நட்டுவைத்த எல்லைக்கல் இருக்கும். வரைபடத்தில் அது ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை மண்ணில் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். சுங்கை பாக்காப்பிலும் பைராம் தோட்டத்திலும் செம்பனை மரங்களுக்கு அடியில் முழங்கால் உயரப் புல்லை வெட்டித் தள்ளி, மண்ணைக் கிளறினால், ஒரு சாண் அகலக் கல் தலை காட்டும். அதன் மேல் பாசி படிந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் எண் தெரியும். எண் தெரிந்த பிறகுதான் எனக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றும்.

வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. மனைவி போய் இரண்டு வருடம். ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடியில் எங்கள் வீடு. சன்னலைத் திறந்தால் ஒரு துண்டு கடலும் பாலத்தின் பாதியும் தெரியும். ஒரே மகள். ஜப்பானில் ஒரு கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறாள். அங்கே போய் ஒன்பது வருடம் ஆகிவிட்டது, இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவி இருந்தவரை மகளோடு பேசுவது அவள் வேலையாக இருந்தது. போனை வைத்ததும் எனக்குச் செய்தி வாசிப்பதைப் போல் சொல்வாள்: குளிர் தொடங்கிவிட்டதாம், புதிதாக ஒரு சோறு குக்கர் வாங்கினாளாம். அவள் போன பிறகுதான், எனக்கும் மகளுக்கும் நேராகப் பேசிப் பழக்கமே இல்லை என்று தெரிந்தது. போனில் "சாப்பிட்டீங்களா?" என்பாள். "சாப்பிட்டேன்மா, நீ?" என்பேன். பிறகு இருவரும் மழையைப் பற்றிப் பேசுவோம். அங்கே மழையா, இங்கே மழையா. அவ்வளவுதான்.

போன வருடக் கடைசியில் ஒருநாள், "அப்பா, ஒரு மாசம் இங்க வந்து இருந்துட்டுப் போங்களேன்" என்றாள். அழைப்பில் கொஞ்சம் தயக்கம் இருந்தது. நானும் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சரி என்றேன்.

அவள் இருந்தது பெரிய நகரம் இல்லை. சுற்றி மலை, நடுவில் ஊர், ஊருக்குள் ஓர் ஆறு. அவள் வீடு இரண்டு அறை. ஒன்றை எனக்காக ஒழித்து, தடித்த மெத்தையும் சின்ன ஹீட்டரும் வைத்திருந்தாள். ஜாக்கெட், கையுறை, கம்பளிக் காலுறை எல்லாம் என் அளவில் வாங்கி அடுக்கியிருந்தாள். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அம்மா ஒரு தடவை உங்களுக்கு ஷர்ட் வாங்கச் சொல்லி மெசேஜ் அனுப்புனாங்க. அதைத் தேடி எடுத்தேன்" என்றாள்.

காலை ஏழு மணிக்கெல்லாம் அவள் கிளம்பிவிடுவாள். மேசையில் சோறும் குழம்பும் மூடி வைத்திருப்பாள். குழம்பு அவளுடையதுதான், ஆனால் மனைவியின் கைப்பக்குவத்தை நெருங்கியும் நெருங்காமலும் இருக்கும். திரும்பிவர ஏழரை, எட்டு ஆகும். களைத்துப்போய் வருவாள். சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு என்னப்பா செஞ்சீங்க?" என்பாள். "நடந்தேன்மா" என்பேன். "நல்லது லா, நடங்க" என்பாள்.

பகல் முழுவதும் நான் வாய் திறப்பதற்கு ஆளே கிடையாது. ஜெலுத்தோங்கிலும் தனியாள்தான் நான். ஆனால் அங்கே லிஃப்டில் யாராவது "என்ன அங்கிள், பசாருக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். கோப்பிக் கடைக்காரன் நான் உட்காருவதற்கு முன்னாலேயே கலக்கத் தொடங்கிவிடுவான். இங்கே எதிரே வருகிறவர்கள் லேசாகத் தலை குனிந்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள், கடையில் சில்லறை கொடுத்த பெண்ணிடம் "தேங்க்யூ" என்றபோது என் குரலே எனக்குக் கரகரத்தது. அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று வெளியே வந்த பிறகு உறைத்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அந்தக் கோயிலைக் கண்டேன். ஆற்றைக் கடந்து மலையடிவாரத்துக்குப் போகும் தெருவின் முடிவில் கல் படிகள் தொடங்கின. இரண்டு பக்கமும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் மரங்கள். மேலே மரத்தால் கட்டிய பெரிய பௌத்தக் கோயில், கறுத்த ஓட்டுக் கூரை. நம் பினாங்கில் பர்மியக் கோயிலும் சயாமியக் கோயிலும் தங்கமும் சிவப்புமாகப் பார்த்த கண்ணுக்கு, இங்கே கடவுள் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாரோ என்று தோன்றும். அப்படி ஓர் அமைதி. கதவு சாத்தியிருந்தது. செருப்பில்லாமல் கும்பிடுவதா, செருப்போடு கும்பிடுவதா என்று தெரியாமல் வாசலிலேயே கைகூப்பிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

பின்பக்கம் கல்லறைகள். சரிவில் படிப்படியாக ஏறிப்போயின. முன்வரிசையில் புதியவை, பளபளத்த கருங்கல், பூவும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்தவை. மேலே போகப் போகப் பழையவை. எல்லாவற்றுக்கும் மேலே வேலி போட்ட ஒரு மேடையில் சின்னச் சின்னக் கற்கள் நெருக்கமாக நின்றன. பக்கத்தில் ஒரு பலகை. அதில் நாலு வரி ஆங்கிலத்திலும் இருந்தது: இந்த ஊர்க் கோட்டை விழுந்த போரில் செத்துப்போன சாமுராய்கள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

சாமுராய் என்றால் எனக்குத் தெரிந்தது டிவியில் வாளைச் சுழற்றுகிற ஆள்தான். இங்கே வாளும் இல்லை, சிலையும் இல்லை. இடுப்பு உயரக் கற்கள் மட்டும். தோற்றுப்போன பக்கத்து ஆட்கள். பழைய பழக்கம் விடாமல் வரிசையைக் கண்ணால் அளந்தேன். வரிசை நேராக இல்லை. அவசரத்தில் நட்டிருக்கிறார்கள்.

வேலிக்கு வெளியே, ஒரு மரத்தின் வேர் பக்கத்தில், ஒரு கல் மட்டும் தனியாகச் சாய்ந்து நின்றது. அதற்குக் கிண்ணம் கிடையாது. பூவும் கிடையாது. தலை முதல் அடிவரை பாசி, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நான் அதன் எதிரே ஒரு வேரின் மேல் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். குளிர் முழங்காலில் ஏறிய பிறகுதான் எழுந்தேன்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். முதலில் கல்லைச் சுற்றி விழுந்திருந்த இலைகளைக் கையால் தள்ளினேன். பிறகு ஒரு குச்சியால் அடிமண்ணைச் சுரண்டினேன். பலகையில் இருப்பதெல்லாம் வேலிக்குள் இருப்பவர்களைப் பற்றி, இது யாராக இருக்கும் என்று யோசித்தேன். எனக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எழுத்து வெளியே வந்தாலும் என்னால் படிக்க முடியாது. ஆனாலும் கைகள் கேட்கவில்லை. பாசிக்கு அடியில் எழுத்து இருக்கிறது என்று தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

வீட்டுக்குப் பக்கத்துச் சாமான் கடையில் கெட்டி நாரில் ஒரு பிரஷ் வாங்கினேன். கோயிலில் தண்ணீர்க் குழாய் இருந்தது. மர வாளிகளும் நீண்ட கைப்பிடி வைத்த அகப்பைகளும் அடுக்கியிருந்தன. கல்லறைக்கு வருகிறவர்கள் எடுத்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

நான்கு நாள் காலையில் தேய்த்தேன். இப்போது நினைத்தால், அந்த நான்கு நாளும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பாசி பச்சைத் தண்ணீராக வழிந்தது. முதல் எழுத்தின் தலைக் கோடு தெரிந்தது, பிறகு அதன் கால். ஒருநாள் பூவோடு வந்த ஒரு வயதான பெண் என்னைப் பார்த்து நின்று, ஏதோ சொல்லி, ஆழமாகக் குனிந்துவிட்டுப் போனாள். நல்ல காரியம் செய்கிறேன் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நானும் பதிலுக்குக் குனிந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் வந்ததும், "உன் ஊர்க் கோயில் நல்லா இருக்கும்மா. தினம் அங்கதான் போறேன்" என்றேன்.

"அங்கேயா? நான் ஒன்பது வருஷத்துல ஒரு தடவைதான் போயிருக்கேன். அங்க என்னப்பா செய்றீங்க?"

"சும்மா உக்காந்திருப்பேன்" என்றேன். பிரஷைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை, மூன்றாவது எழுத்தின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தபோது, பிரஷுக்கு அடியில் ஏதோ நெகிழ்ந்தது. அப்பளம் உடைகிற சத்தத்தைப் போல் ஒரு சின்னச் சத்தம். உள்ளங்கை அளவுக்கு ஒரு சில்லு கல்லிலிருந்து உரிந்து என் மடியில் விழுந்தது. எடுத்துத் திருப்பினேன். அதில் பாதி எழுத்து இருந்தது. மீதிப் பாதி கல்லில். கல் உரிந்த இடம் மட்டும் வெளிறிப்போய், புதுக் காயத்தைப் போல் இருந்தது.

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அந்தச் சில்லை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு, வாளியை இருந்த இடத்தில் கவிழ்த்துவிட்டு, படியிறங்கினேன்.

எல்லைக்கல்லை நகர்த்துவதும் சிதைப்பதும் குற்றம் என்று எத்தனை தோட்டக்காரர்களிடம், எத்தனை வீட்டுக்காரர்களிடம் நான் சொல்லியிருக்கிறேன்! டிராக்டர் தெரியாமல் இடித்துவிட்டது சார் என்று கெஞ்சியவரிடம்கூட முகம் கொடுத்துப் பேசாமல் வந்திருக்கிறேன். இப்போது வேற்று நாட்டில், பேர் தெரியாத ஒரு மனிதனின் பேரிலிருந்து ஒரு துண்டை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். வீட்டுக்கு வந்து அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி, பெட்டிக்கு அடியில், சட்டைகளுக்குக் கீழே வைத்தேன். பெட்டியைப் பூட்டினேன். யாருக்காகப் பூட்டினேனோ.

இரண்டு நாள் வெளியே போகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் மகள் காலணி அடுக்கைப் பார்த்துவிட்டு, "அப்பா, இன்னிக்கும் போகலியா? ஷூ காய்ஞ்சே இருக்கு, வெளியில மழை" என்றாள்.

"கால் வலி."

"நேத்தும் அதான் சொன்னீங்க." என் எதிரே உட்கார்ந்தாள். "ஏம்பா, உடம்பு சரியில்லையா? இங்க பிடிக்கலியா? சொல்லுங்க, டிக்கெட்டை மாத்திடலாம்."

அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. அவள் எதையோ எதிர்பார்த்துத் தயாராக இருந்ததைப் போல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து வந்து மேசை மேல் பிரித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

அவள் சில்லைத் தொடவில்லை.

"பிரஷ் எங்க வாங்குனீங்க?"

"மூலைக் கடையில."

"அது பாத்ரூம் தேய்க்கிற பிரஷ்பா."

அவள் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து அலுவலகத்துக்கு ஏதோ மெசேஜ் அனுப்பினாள். "நாளைக்கு லீவு போட்டுட்டேன். காலையில போய் மன்னிப்புக் கேக்கலாம். வெறுங்கையோட போகக்கூடாது, ஒரு டப்பா இனிப்பு வாங்கிட்டுப் போவோம்" என்றாள்.

மறுநாள் காலை கோயில் பிட்சு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். மகள் பேசத் தொடங்கியதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களை உள்ளே அழைத்துப்போனார். பாய் விரித்த அறை. அங்கே பிட்சுகளுக்குக் குடும்பம் உண்டாம்; அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். எனக்குக் கால் மடக்கி உட்கார வரவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தேன். கைக்குட்டையை இரண்டு கையாலும் அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பிரித்துப் பார்த்தார். முகம் மாறவில்லை. ஆனால் பேசத் தொடங்கியவர் நீளமாகப் பேசினார். குரல் உயரவே இல்லை. மகளின் காதுமடல் சிவந்தது. அவள் மூன்று முறை, நான்கு முறை குனிந்தாள். நானும் அவளோடு சேர்ந்து குனிந்தேன்.

"என்னம்மா சொல்றார்?"

"இந்தக் கல்லு ரொம்ப மிருதுவான கல்லாம். மழைக்கே உரியுமாம். பாசிதான் அதைப் பிடிச்சு வச்சிருந்துச்சாம். அதனாலதான் அவங்க யாரும் தொடுறதில்லையாம்."

"இவ்வளவு நேரம் அதுதான் சொன்னாரா?"

"எல்லாத்தையும் சொல்லணுமாப்பா?"

பிட்சு டீயைக் கையால் காட்டினார். குடித்தேன். பிறகு அவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இத்தனை கல்லு இருக்கு, ஏன் அதை மட்டும் தேய்ச்சீங்கன்னு கேக்குறார்."

அவரைப் பார்த்தே தமிழில் சொன்னேன். என் வேலையைச் சொன்னேன். தோட்டத்துக் கற்களைச் சொன்னேன். பாசி மூடிய கல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்றேன். மகள் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னாள். அவர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"அப்புறம், உங்கம்மாவுக்கு ஒரு கல்லுகூட இல்லமா" என்றேன். "எரிச்சோம், கடல்ல கரைச்சோம். அது நம்ம வழக்கம், தப்பு இல்ல. ஆனா போய் உக்கார எனக்கு ஓர் இடம் இல்ல. இதுக்கும் யாரும் வரல. அதான் உக்காந்தேன்."

மகள் அதை மாற்றிச் சொல்லவில்லை. பிட்சு காத்திருந்தார். அவர் மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். மகள் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஜப்பானிய மொழியில் இரண்டே வார்த்தை போல ஏதோ சொன்னாள்.

அந்தக் கல்லுக்கு உரியவனைப் பற்றி அவர்தான் பிறகு சொன்னார். அந்த ஆள் இந்த ஊர்க்காரன் இல்லையாம். எங்கிருந்தோ போருக்கு வந்து சேர்ந்தவன். குடும்பம் யாரென்று தெரியாததால் வேலிக்கு வெளியே புதைத்தார்கள். பேர் கோயில் ஏட்டில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருநாள் மற்றவர்களின் பேரோடு சேர்த்து அதையும் வாசிக்கிறார்கள். எழுத்து உடைந்தாலும் பேர் போகாது என்றாராம். பேரையும் சொன்னார். மகள் அதை இரண்டு முறை எனக்குச் சொல்லிக்காட்டினாள். இங்கே அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே அந்தப் பேரை ஒருமுறை கெடுத்தவன் நான்.

சில்லைக் கோயிலிலேயே வைத்துக்கொண்டார். நாங்கள் வாசலுக்கு வந்தபோது, என்னை நேராகப் பார்த்து மெதுவாகச் சொன்னார். மகள் மாற்றிச் சொன்னாள்: "எப்ப வேணும்னாலும் வாங்க, உக்காருங்க. தயவுசெஞ்சு எதையும் தொட வேணாம்."

நியாயம்தான். ஆனாலும் அவமானமாக இருந்தது.

படியிறங்கும்போது பாதியில் மகள் நின்றுவிட்டாள். ஈரமான கல் படி என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள். நானும் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

"அவர்கிட்ட கடைசியா என்னம்மா சொன்னே?"

"அப்பா தனியா இருக்காருன்னு சொன்னேன்."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "ஒரு நாள் காத்திருந்திருக்கலாம்பா" என்றாள்.

எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் போனாள். மகள் ரயில் பிடித்து, விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து சேர்ந்தாள். நாங்கள் அதே நாள் மதியம் இரண்டு மணிக்கே தகனம் முடித்திருந்தோம். ஐந்து மணி நேரம். கதவைத் திறந்தவளுக்கு நான் காட்டியது கழுவிவிட்ட ஹாலையும் ஒரு விளக்கையும்தான். அவள் அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடமும் கேட்கவில்லை. நாங்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"சொந்தக்காரங்க எல்லாம் சொன்னாங்க..." என்று தொடங்கினேன். அது சரியில்லை என்று எனக்கே பட்டது. "யார் சொன்னா என்ன. என்னைத்தான் கேட்டாங்க. நான் தலையாட்டினேன். தப்புதான்மா."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, சின்ன வயதில் அழுததைப் போலவே. எனக்கு அவளைத் தொடத் தெரியவில்லை. என் கையுறையைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு யாரும் எனக்கு முழுசா சொல்லல" என்றாள். "அம்மாவுக்கு என்ன சீலை கட்டுனாங்க?"

யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருந்தது ஹாலில் கிடந்த செருப்புகளும், யாரோ என் கையில் திணித்த மைலோ டம்ளரும்தான். அதைத்தான் சொன்னேன்.

"தெரியாதா?" என்றாள்.

"தெரியலமா."

மீதமிருந்த நாட்களில் அவள் சாயங்காலங்களில் கொஞ்சம் சீக்கிரம் வந்தாள். எனக்கு நினைவிருந்ததை எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், அவள் அம்மா கேட்ட ஜெல்லி, பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்ப் பெண் அவளுக்காகத் தினமும் திரைச்சீலையை இழுத்துவிட்டது. சில நாள் மகள் கேள்வி கேட்டாள், சில நாள் பாதியில் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்கு நான் இன்னும் ஒரே ஒரு முறைதான் போனேன். பிட்சு தூரத்தில் நின்று தலை குனிந்தார். கல்லின் அருகே போகாமல் வேலிப் பக்கமே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பினாங்கு விமான நிலையத்தில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. என்னை ஏற்றிக்கொண்ட கிராப் டாக்சி ஓட்டுநர் தமிழ்ப் பையன்தான். "ஜப்பானாண்ணே? செம்ம இருக்கும்லா! என்ன பாத்தீங்க?" என்றான். "கோயில்" என்றேன். வீட்டைத் திறந்தபோது ஒரு மாதம் மூடிக் கிடந்த வாடை. சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, பெட்டியைப் பிரிக்காமல், அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வார முடிவில் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் மனைவியின் தங்கையைப் பார்க்கப் போனேன். ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து பஸ். பாலத்தில் கார் ஓட்ட இப்போதெல்லாம் எனக்குத் தைரியம் இல்லை. அவள் கணவர் ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஆச்சரியம். தனியாக நான் அவள் வீட்டுக்குப் போனதே இல்லை.

"வாங்க அத்தான். என்ன, போன்கூடப் பண்ணாம?"

"ஒண்ணு கேக்கணும்மா. உங்க அக்காவுக்கு அன்னிக்கு என்ன சீலை கட்டுனீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பச்சைப் பட்டு. அரக்கு பார்டர். அவ மகளுக்குப் பட்டம் குடுத்த அன்னிக்குக் கட்டுனது. நீங்கதானே அலமாரிய திறந்து எடுத்துக் குடுத்தீங்க, அத்தான்?"

"நானா?"

"நீங்கதான். நான் சிவப்பு கேட்டேன். நீங்க ஒண்ணும் பேசாம இதை எடுத்து நீட்டுனீங்க. அன்னிக்கு முழுக்க நீங்க வாயே திறக்கல. அதனாலதான் நாங்களே பாத்து நேரத்தைக் குறிச்சோம். புள்ள வர்றதுக்குள்ள முடிச்சுட்டோமேன்னு எனக்கு இன்னும் உறுத்துது. நான்தான் காத்திருக்க வேணாம்னு முதல்ல சொன்னேன்."

"இல்லம்மா. தலையாட்டினது நான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சாப்பிடாமல் போகக்கூடாது என்றாள். சாப்பிட்டேன். சாப்பிடும்போது அக்காவுக்குத் தலைமுடியில் வைத்த பூவைப் பற்றி, நெற்றிக் குங்குமத்தைப் பற்றி, யார் யார் குளிப்பாட்டினார்கள் என்பதைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ் டிக்கெட்டின் பின்னால் அதையெல்லாம் குறித்துக்கொண்டேன், ஒன்றும் விட்டுப்போகக்கூடாது என்று.

திரும்பும் ஃபெரியில் ஓரமாக நின்று மகளுக்குப் போன் செய்தேன். அங்கே மாலை ஆகியிருக்கும். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"பச்சைப் பட்டுமா" என்றேன். "அரக்கு பார்டர். உன் பட்டமளிப்புக்குக் கட்டிக்கிட்டு வந்தாங்களே, அது. நான்தான் எடுத்துக் குடுத்திருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல, உன் சித்திதான் சொன்னா."

ஃபெரி எஞ்சின் சத்தத்தில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லையோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அந்தச் சீலை எனக்கு வேணும்னு கேட்டிருந்தேன், அம்மாகிட்ட" என்றாள் கடைசியில். பிறகு, "பரவாயில்ல. அவங்களே கட்டிக்கிட்டுப் போகட்டும். வேற என்னப்பா சொன்னாங்க சித்தி?"

டிக்கெட்டைத் திருப்பி, முதல் வரியிலிருந்து படித்துச் சொல்லத் தொடங்கினேன். ஜார்ஜ் டவுன் கரை நெருங்கியது. ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். நான் கடைசி ஆளாக நின்று படித்துக்கொண்டிருந்தேன்.